வைட்டமின் ‘ஏ’ ஏற்பி பழுதுபடும்போது: ஏ.பி.எல். என்னும் இரத்தப் புற்றுநோயை அறிந்துகொள்வோம்

இரத்தப் புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்று குடும்பமே நிலைகுலைந்து போவதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். ஆனால் இரத்தப் புற்றுநோய் என்பது ஒரே நோயன்று. அது பல நோய்களின் பொதுப்பெயர். அவற்றுள் ஒன்று, தொடக்கத்தின் முதல் சில நாள்களில் மிகக் கொடியது. அந்நாள்களைக் கடந்துவிட்டாலோ பெரும்பாலோருக்கு முற்றிலும் குணமாகக்கூடியது. அதன் பெயர் அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா. மருத்துவர்கள் சுருக்கமாக ஏ.பி.எல். என்பர். திடீரெனத் தோன்றும் மைலாய்டு வகை இரத்தப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்று இவ்வகையைச் சேர்ந்தது. முதியோரைவிட உழைக்கும் வயதிலுள்ளோரையே இது மிகுதியாகத் தாக்குகிறது.

இந்நோயைப் பற்றி எழுத எங்களுக்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, இதன் அறிகுறிகளைக் காலத்தே அறிந்துகொள்வது உயிரைக் காக்கும். இரண்டாவது, நம் உயிரணுக்களுக்குள் நடைபெறும் இரண்டு பெரிய செயல்களை, அதாவது உட்கருவின் ஆணையையும் மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் உற்பத்தியையும், இந்நோயின் வழியாகத் தெளிவாக விளங்கிக்கொள்ளலாம். ‘சர்க்கரையை விட்டால் புற்றுநோய் பட்டினியால் மடியும்’, ‘வைட்டமின் மாத்திரையே போதும்’ என்பன போன்ற பேச்சுகள் ஏன் தவறானவை என்பதும் அப்போது புலப்படும். இவ்வகையில் நம் தமிழ்நாட்டின் வேலூரில் நடைபெற்ற ஆய்வுகள் உலகின் கவனத்தைப் பெற்றவை என்பதையும் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

உட்கரு என்னும் ஆணை அறை

நம் உடலின் பெரும்பாலான உயிரணுக்களுக்குள் உட்கரு என்றொரு பகுதி உண்டு. அங்கேதான் மரபணுக்கள் அடங்கிய குரோமோசோம்கள் 46 இருக்கின்றன. எந்தப் புரதத்தை எப்போது உருவாக்க வேண்டும் என்பதற்கான குறிப்புகள் யாவும் மரபணுக்களில் எழுதப்பட்டுள்ளன. ஜக்கார்டு தறியில் நெய்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சேலையில் எந்த இடத்தில் எந்தப் பூ வரவேண்டும் என்பது அட்டையில் துளைகளாக முன்கூட்டியே பதிக்கப்பட்டிருக்கிறது அல்லவா? அதுபோலவே உயிரணு செய்யக்கூடிய எல்லா வேலைகளும் மரபணுக்களில் பதிக்கப்பட்டுள்ளன. எல்லா அட்டைகளும் ஒரே நேரத்தில் தறியில் ஏறுவதில்லை; எதை ஏற்றுவது என்று தீர்மானிக்க ஒருவர் தேவை.

அந்தத் தீர்மானத்தைச் செய்யும் புரதங்களுள் ஒரு குடும்பத்திற்கு ‘உட்கரு ஏற்பிகள்’ என்று பெயர். மனித உடலில் இத்தகைய ஏற்பிகள் 48 உள்ளன. தைராய்டு ஹார்மோன், பெண்மை ஹார்மோனாகிய ஈஸ்ட்ரோஜன், ஆண்மை ஹார்மோனாகிய டெஸ்டோஸ்டிரோன், வைட்டமின் ‘டி’, வைட்டமின் ‘ஏ’யிலிருந்து உண்டாகும் ரெட்டினாயிக் அமிலம் ஆகியவற்றுள் ஒவ்வொன்றுக்கும் உரிய ஏற்பி உண்டு. அந்தப் பொருள் வந்து ஏற்பியில் பொருந்தும்போது, அதுவரை மூடப்பட்டிருந்த மரபணுக்கள் திறந்து வேலை தொடங்குகின்றன. பொருந்தாதபோது அவை மூடியே கிடக்கின்றன. பூட்டும் சாவியும் போன்ற ஏற்பாடு இது.

மைட்டோகாண்ட்ரியா என்னும் ஆற்றல் அறை

உட்கருவுக்கு வெளியே, உயிரணுவெங்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணிய உறுப்புகள் பரவியுள்ளன. நாம் உண்ணும் உணவிலிருந்து கிடைக்கும் குளுக்கோஸ், கொழுப்பு, அமினோ அமிலங்கள் ஆகியவற்றை, நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனைக் கொண்டு எரித்து ஆற்றலாக மாற்றுவது இவற்றின் பணி. விசைத்தறிக்கு மோட்டார் எப்படியோ, உயிரணுவுக்கு மைட்டோகாண்ட்ரியா அப்படி.

மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி மரபணுக்கள் உண்டு. ஆயினும் அவற்றைக்கொண்டு அது உருவாக்கும் புரதங்கள் 13 மட்டுமே. அதற்குத் தேவைப்படும் ஏனைய ஆயிரத்திற்கும் மேற்பட்ட புரதங்களை உட்கருவின் ஆணைப்படியே உயிரணு செய்து அனுப்ப வேண்டும். ஆகவே, ஓர் உயிரணுவில் எத்தனை மைட்டோகாண்ட்ரியா இருக்க வேண்டும், அவை எந்த எரிபொருளை எவ்வளவு வேகத்தில் எரிக்க வேண்டும் என்பவற்றை முடிவு செய்வதில் உட்கரு ஏற்பிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

நாம் அனைவரும் அறிந்த எடுத்துக்காட்டு ஒன்று தைராய்டு. தைராய்டு ஹார்மோன் மிகும்போது உடல் வெப்பம் கூடுகிறது, நன்றாக உண்டாலும் எடை குறைகிறது, நெஞ்சு படபடக்கிறது. ஹார்மோன் குறையும்போது உடல் குளிர்கிறது, சோர்வு மிகுகிறது, எடை ஏறுகிறது. தைராய்டு ஏற்பியின் ஆணை மைட்டோகாண்ட்ரியாவின் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமே இவற்றுக்கு முக்கியக் காரணம். விரதம் இருக்கும் நாளில் நம் கல்லீரல் குளுக்கோஸை விட்டுக் கொழுப்பை எரிக்கத் தொடங்குவதும் மற்றோர் உட்கரு ஏற்பியின் ஆணையால்தான்.

புற்றுநோயில் இந்த ஆணைகள் தடம்புரள்கின்றன. மார்பகப் புற்றுநோய்கள் பலவற்றில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும், புரோஸ்டேட் புற்றுநோயில் டெஸ்டோஸ்டிரோன் ஏற்பியும் நோயணுக்களின் பெருக்கத்தை மட்டுமன்றி அவற்றின் ஆற்றல் உற்பத்தியையும் வழிநடத்துகின்றன. மார்பகப் புற்றுநோய்க்குத் தமாக்சிபென் மாத்திரையைப் பல ஆண்டுகள் உட்கொள்ளச் சொல்வது அந்த ஏற்பியின் ஆணையைத் தடுப்பதற்காகவே. எனினும், ஓர் ஏற்பியின் பழுதே நோயாகவும், அதே ஏற்பியே சிகிச்சையின் வாயிலாகவும் அமைந்ததற்கு ஏ.பி.எல். போலத் தெளிவான சான்று வேறில்லை.

பழுது நேர்வது எவ்வாறு?

இரத்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உற்பத்தியாகின்றன. தொற்றுகளை எதிர்க்கும் வெள்ளை அணு பிறந்தவுடனேயே பணிக்கு வருவதில்லை. அது பல படிகளைக் கடந்து முதிர்கிறது. அப்படிகளுள் ஒன்று ‘புரோமைலோசைட்’ என்னும் இளம்பருவம். அடுத்த படிக்குச் செல்ல ரெட்டினாயிக் அமில ஏற்பியின் ஆணை தேவை. இந்த ஏற்பியின் பெயர் ‘ரார் ஆல்ஃபா’. இதற்கான மரபணு 17ஆம் குரோமோசோமில் உள்ளது.

ஏ.பி.எல். நோயாளியின் மஜ்ஜையில் ஏதோ ஓர் அணுவில் 15ஆம் குரோமோசோமும் 17ஆம் குரோமோசோமும் முறிந்து, தம் துண்டுகளை ஒன்றுக்கொன்று மாற்றி ஒட்டிக்கொள்கின்றன. இதனை 1977ஆம் ஆண்டு சிகாகோவைச் சேர்ந்த ஜேனட் ரௌலி என்னும் மருத்துவர் கண்டறிந்தார். இம்மாற்றத்தால், 15ஆம் குரோமோசோமிலுள்ள ‘பி.எம்.எல்.’ என்னும் மரபணுவும் ‘ரார் ஆல்ஃபா’ மரபணுவும் இணைந்து, இயற்கையில் இல்லாத ஓர் ஒட்டுப் புரதம் உருவாகிறது. இந்த ஒட்டுப் புரதம் பிடிவாதமான பூட்டு. உடலில் இயல்பாக உள்ள ரெட்டினாயிக் அமிலத்தின் அளவு இதனைத் திறக்கப் போதாது. முதிர்ச்சிக்கான மரபணுக்கள் மூடியபடியே இருப்பதால் அணுக்கள் இளம்பருவத்திலேயே தேங்கி நின்று பெருகுகின்றன. மஜ்ஜை அவற்றால் நிறைந்து, நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் போகிறது.

இது பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் மரபு நோயன்று. வாழ்நாளில் ஓர் அணுவில் நேரும் பிழை. தொட்டாலோ, உடனிருந்தாலோ, ஒரே தட்டில் உண்டாலோ பரவாது. ‘என்ன பாவம் செய்தோம்’ என்று வருந்துவோருக்கு நாங்கள் சொல்வது இதுதான்: இது எவருடைய குற்றமும் அன்று.

கொல்லாமல் முதிரச் செய்யும் மருந்து

1957ஆம் ஆண்டு நார்வே நாட்டு மருத்துவர் லைஃப் ஹில்லெஸ்டாட் இந்நோயைத் தனி வகையாக முதன்முதலில் விவரித்தபோது, சில வாரங்களிலேயே உயிரைப் பறிக்கும் நோயாக இதனைக் குறித்தார். அந்நிலையை மாற்றியவர் சீனாவின் ஷாங்காய் நகரைச் சேர்ந்த வாங் சென்யி. நோயணுவைக் கொல்வதற்கு மாறாக, அதனை முதிரச் செய்ய இயலுமா என்று அவர் எண்ணினார். ரெட்டினாயிக் அமிலத்தின் ஒரு வடிவமான ‘ஆட்ரா’ என்னும் மருந்தை 1985ஆம் ஆண்டு 5 வயதுச் சிறுமி ஒருத்திக்கு அவர் கொடுத்தார், அச்சிறுமி குணமடைந்தாள். 24 நோயாளிகளுக்கு இம்மருந்து அளித்ததன் பயனை 1988ஆம் ஆண்டு அவருடைய குழு வெளியிட்டபோது உலகமே வியந்தது.

மருந்து ஏன் பலித்தது என்பது அதன் பின்னரே தெரிந்தது. ஒட்டுப் புரதத்தில் இருப்பது ரெட்டினாயிக் அமில ஏற்பியின் பகுதி என்பதை 1990ஆம் ஆண்டையொட்டிய ஆய்வுகள் வெளிப்படுத்தின. இயல்பான அளவுக்குத் திறவாத பூட்டு, மிகுந்த அளவில் கொடுக்கப்படும் ஆட்ராவுக்குத் திறக்கிறது. தேங்கி நின்ற இளம் அணுக்கள் முதிர்ந்து, தம் வாழ்நாள் முடிந்து, இயல்பாக மறைகின்றன. முதலில் பயனைக் கண்டு, பின்னர் காரணத்தைக் கண்டறிந்த அரிய நிகழ்வு இது.

ஆர்செனிக்கும் வேலூரும்

இரண்டாவது மருந்து ஆர்செனிக் ட்ரைஆக்சைடு. வெள்ளைப் பாஷாணம் என்று நம் முன்னோர் அழைத்த நஞ்சு இதுவே. சீனாவின் ஹார்பின் நகர மருத்துவர்கள் 1970களில் இதனை இரத்தப் புற்றுநோய்க்குப் பயன்படுத்திப் பார்த்து, ஏ.பி.எல். வகையில் இது சிறப்பாகப் பலிப்பதைக் கண்டனர். ஆட்ரா ஒட்டுப் புரதத்தின் ஏற்பிப் பகுதியைப் பற்றுகிறது. ஆர்செனிக் அதன் மறுமுனையாகிய பி.எம்.எல். பகுதியைப் பற்றுகிறது. இரண்டும் அந்தப் புரதத்தைச் சிதைக்கின்றன. ஆர்செனிக் இதனோடு நில்லாமல் நோயணுவின் மைட்டோகாண்ட்ரியாவையும் தாக்கி, அணு தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் வழியையும் திறக்கிறது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் குருதியியல் துறை, 1998ஆம் ஆண்டு முதல் புதிதாக ஏ.பி.எல். கண்டறியப்பட்ட நோயாளிகளுக்கு ஆர்செனிக் ட்ரைஆக்சைடை முதன்மை மருந்தாகக் கொடுத்து வந்தது. வழக்கமான கீமோதெரபியின் செலவையும், அதனால் நேரும் தொற்றுகளையும் தாங்க இயலாத நோயாளிகள் நிறைந்த நம் நாட்டில் இது பெரிய முயற்சி. டாக்டர் விக்ரம் மேத்யூஸ், டாக்டர் மேமன் சாண்டி உள்ளிட்ட குழுவினர் 72 நோயாளிகளின் விவரங்களை 2006ஆம் ஆண்டு வெளியிட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 86 விழுக்காட்டினருக்கு நோய் முழுமையாக அடங்கியது. 2010ஆம் ஆண்டு வெளியான நீண்டகாலக் கணக்கின்படி, ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னரும் ஏறத்தாழ நால்வரில் மூவர் உயிருடன் இருந்தனர். குணமடையாதோரில் பெரும்பாலோர் முதல் சில வாரங்களிலேயே, குறிப்பாக இரத்தக் கசிவால், உயிரிழந்தவர்கள். இந்தச் செய்தியைப் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

2013ஆம் ஆண்டு இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ லோ-கோக்கோ தலைமையிலான ஆய்வு, ஆபத்து குறைந்த ஏ.பி.எல். நோயாளிகளுக்கு ஆட்ராவையும் ஆர்செனிக்கையும் சேர்த்துக் கொடுத்தால் கீமோதெரபி இல்லாமலேயே நோய் அடங்குகிறது என்பதை நிறுவியது. இன்று உலகெங்கும் இதுவே முதன்மைச் சிகிச்சை. வெள்ளை அணுக்கள் மிக அதிகமாக உள்ளவர்களுக்கு மட்டும் கூடுதல் மருந்துகள் தேவைப்படும்.

எரிபொருளை மாற்றிக்கொள்ளும் அணுக்கள்

இத்தனை நல்ல மருந்துகள் இருந்தும் சிலருக்கு நோய் திரும்புகிறது. அதன் காரணத்தை வேலூர்க் குழுவே மேலும் ஆராய்ந்தது. 2022ஆம் ஆண்டு வெளியான அவ்வாய்வு, நம் கட்டுரையின் இரண்டு அறைகளையும் இணைக்கிறது.

இதனை விளங்கிக்கொள்ள ஒரு பழைய செய்தியை நினைவுகூர வேண்டும். 1920களில் ஜெர்மானிய அறிவியலாளர் ஓட்டோ வார்பர்க், புற்றணுக்கள் ஆக்சிஜன் இருக்கும்போதும் மைட்டோகாண்ட்ரியாவை முழுமையாகப் பயன்படுத்தாமல், குளுக்கோஸை மிகுதியாக உறிஞ்சி லாக்டிக் அமிலமாக மாற்றுவதைக் கண்டார். புற்றணுக்களின் மைட்டோகாண்ட்ரியா கெட்டுப்போனதே இதற்குக் காரணம் என்று அவர் கருதினார். பெரும்பாலான புற்றணுக்களில் மைட்டோகாண்ட்ரியா நன்றாகவே இயங்குகிறது என்பது பிற்கால ஆய்வுகளில் தெரியவந்தது. பெட் ஸ்கேனில் கதிரியக்கக் குளுக்கோஸைச் செலுத்திப் புற்றுக்கட்டி இருக்கும் இடத்தைக் காண்பது வார்பர்க் கண்ட இந்தப் பண்பைக்கொண்டுதான்.

வேலூர் ஆய்வாளர்கள், ஆர்செனிக் மருந்துக்கு அடங்கும் ஏ.பி.எல். அணுக்களையும், அடங்காமல் பழகிவிட்ட அணுக்களையும் ஆய்வகத்தில் ஒப்பிட்டனர். 2-டி.ஜி. என்னும் பொருள் குளுக்கோஸ் எரியும் வழியை அடைப்பது. 2021ஆம் ஆண்டு கொரோனாவுக்காக டி.ஆர்.டி.ஓ. உருவாக்கி அவசர அனுமதி பெற்ற பொடி என்று சொன்னால் வாசகர்களுக்கு நினைவுக்கு வரும். மருந்துக்கு அடங்கும் அணுக்களை 2-டி.ஜி. நன்கு அழித்தது. ஆனால் மருந்துக்கு அடங்காத அணுக்களை அது ஒன்றும் செய்யவில்லை. அவை குளுக்கோஸ் வழியை மட்டும் நம்பியிருக்கவில்லை. மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசத்தைத் தடுக்கும் பொருள்களை ஆர்செனிக்குடன் சேர்த்துக் கொடுத்தபோதுதான் அவ்வணுக்கள் வீழ்ந்தன.

ஒரே பெயர் கொண்ட நோயணுக்களுக்குள்ளேயே எரிபொருள் பழக்கம் வேறுபடுகிறது என்பதும், ஆணை அறையைச் சரிசெய்வதோடு ஆற்றல் அறையையும் கவனிக்க வேண்டியிருக்கலாம் என்பதும் இவ்வாய்வு தரும் பாடங்கள். ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்ல வேண்டும். இவை ஆய்வகத்திலும் எலிகளிலும் கண்ட முடிவுகள். நோயாளிகளுக்குப் பயன்படுமா என்பது இனி முறையான மருத்துவ ஆய்வுகளில் தெரிய வேண்டும். 2-டி.ஜி. பொடியையோ வேறு மாத்திரைகளையோ இக்கட்டுரையைப் படித்துவிட்டுத் தாமாக வாங்கி உட்கொள்வது ஆபத்தில் முடியும்.

‘சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினி கிடக்குமா?’

புறநோயாளிப் பிரிவில் நாங்கள் மிகுதியாகக் கேட்கும் வினா இது. மேற்கண்ட ஆய்வே இதற்கு விடை தருகிறது. குளுக்கோஸ் வழி அடைபட்டால் மற்றொரு வழியைத் தேடிக்கொள்ளும் திறன் புற்றணுவுக்கு உண்டு. மேலும் நாம் சர்க்கரையும் சோறும் உண்ணாவிட்டாலும், கல்லீரல் தானே குளுக்கோஸை உருவாக்கி இரத்தத்தில் அதன் அளவைக் காக்கிறது. எனவே பட்டினியால் மெலிவது நோயன்று, நோயாளிதான். சிகிச்சையின்போது எடையும் தசையும் குறைந்தால் தொற்று எளிதில் பற்றும், மருந்தைத் தாங்கும் வலிமையும் குன்றும். நீரிழிவு உள்ளவர்கள் தம் சர்க்கரை அளவைக் கட்டுப்பாட்டில் வைப்பது வேறு. அதை அவசியம் செய்ய வேண்டும். மற்றவர்கள் சோறு, பருப்பு, முட்டை, நன்கு வேகவைத்த காய்கறி என்று இயல்பாக உண்ணலாம்.

முதல் நாள்களின் ஆபத்து

ஏ.பி.எல். நோயின் இளம் அணுக்கள் இரத்தம் உறையும் ஒழுங்கைக் குலைக்கின்றன. உடலுக்குள் தேவையற்ற இடங்களில் சிறுசிறு உறைவுகள் தோன்றி, உறைவுக்கு வேண்டிய புரதங்களும் தட்டணுக்களும் செலவழிந்து போகின்றன; தோன்றிய உறைவுகளும் விரைவாகக் கரைகின்றன. இதனால் மூளையிலோ நுரையீரலிலோ திடீரென இரத்தக் கசிவு நேரலாம். வேலூர் ஆய்விலும் உலகின் பிற இடங்களிலும் இந்நோயால் நேர்ந்த உயிரிழப்புகளில் பெரும்பகுதி இத்தொடக்க நாள்களில் நேர்ந்தவையே. இங்கே ஒரு நாள் தாமதமும் பொருட்படுத்தத்தக்கது.

சோமனூர் வட்டாரத்தில் இரவு பகலாகத் தறி ஓட்டுவோர், ஈறில் இரத்தம் கசிந்தால் ‘உடல் சூடு’ என்றும், தொடையில் நீலம் பாய்ந்திருந்தால் ‘தறியில் இடித்துக்கொண்டது’ என்றும், சோர்வு மிகுந்தால் ‘இரண்டு ஷிப்டு பார்த்தது’ என்றும் தள்ளிப்போடுவது இயல்பு. பெரும்பாலான நேரங்களில் காரணம் அவ்வளவு எளியதாகவே இருக்கும். ஆனால் கீழ்க்காணும் அறிகுறிகளுள் ஒன்றிரண்டு சேர்ந்து தோன்றினால் அன்றே மருத்துவரைக் காண வேண்டும்:

• ஈறு, மூக்கு ஆகியவற்றிலிருந்து தானாக இரத்தம் கசிதல், எளிதில் நிற்காதிருத்தல்
• அடிபடாமலே தோலில் நீலத் திட்டுகள் அல்லது சிவந்த சிறு புள்ளிகள் தோன்றுதல்
• மாதவிலக்கில் வழக்கத்திற்கு மாறாக மிகுந்த இரத்தப்போக்கு
• சில நாள்களிலேயே பெருகும் சோர்வு, வெளிறிய முகம், மூச்சிரைப்பு
• விட்டுவிட்டு வரும் காய்ச்சல்
• கடுமையான தலைவலி, பார்வை மங்கல், பேச்சுக் குழறல்: இவை தோன்றினால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது, 108 ஆம்புலன்சை அழையுங்கள்

மழைக்காலத்தில் மற்றொரு குழப்பமும் நேர்கிறது. காய்ச்சலோடு தட்டணு குறைந்திருந்தால் டெங்கு என்று வீட்டாரே முடிவுசெய்து, பப்பாளி இலைச் சாற்றைக் கொடுத்துக் காத்திருக்கின்றனர். தட்டணுக்கள் டெங்குவில் குறைவது உண்மையே. ஆனால் தட்டணு குறைந்ததெல்லாம் டெங்கு ஆகாது. டெங்குக் காய்ச்சலில் காய்ச்சல் தணிந்த சில நாள்களில் தட்டணுக்கள் தாமாக ஏறத் தொடங்கும். ஏறாமல் குறைந்துகொண்டே போனாலோ, ஹீமோகுளோபினும் சேர்ந்து குறைந்தாலோ, இரத்தத் துளியை நுண்ணோக்கியில் பார்க்கும் ‘பெரிஃபெரல் ஸ்மியர்’ சோதனையைச் செய்யச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். செலவு குறைந்த, சிறிய ஊர்களிலும் செய்யக்கூடிய அந்தச் சோதனையே பலருக்கு இந்நோயை முதலில் காட்டிக்கொடுத்திருக்கிறது.

நோய் ஏ.பி.எல். ஆக இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தவுடனேயே, உறுதிப்படுத்தும் மரபணுச் சோதனையின் முடிவுக்குக் காத்திராமல் ஆட்ரா மாத்திரையைத் தொடங்கிவிடுவது இன்றைய மருத்துவ நெறி. ‘ரிப்போர்ட் வராமலே மருந்து கொடுக்கிறார்களே’ என்று ஐயுற வேண்டாம். அந்த மாத்திரை இரத்தக் கசிவின் ஆபத்தைக் குறைக்கிறது. சோதனையில் வேறு நோய் என்று தெரிந்தால் அதனை நிறுத்திவிடலாம்.

குடும்பத்தினர் செய்யக்கூடியவை

முதல் இரண்டு வாரங்களில் நோயாளிக்குத் தட்டணுக்களும், உறைவுப் புரதங்கள் அடங்கிய பிளாஸ்மாவும் பலமுறை ஏற்ற வேண்டியிருக்கும். உறவினரும் நண்பர்களும் இரத்த தானம் செய்ய முன்வருவது மருந்துக்கு நிகரான உதவி. ஒரே நாளில் எல்லோரும் கொடுத்துவிடாமல், இரத்த வங்கி சொல்லும் முறையில் நாள் பிரித்துக் கொடுப்பது நல்லது.

இக்காலத்தில் தசையில் ஊசி போடுதல், பல் பிடுங்குதல், உடல் பிடித்துவிடுதல் ஆகியவை கூடாது. ஆஸ்பிரின், இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை மருந்துக் கடையில் தாமாக வாங்கித் தரக் கூடாது. பல் துலக்க மென்மையான பிரஷ் போதும்.

மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் காய்ச்சல், மூச்சுத் திணறல், திடீர் எடைக் கூடுதல், கால் வீக்கம் ஆகியவை தோன்றலாம். தேங்கியிருந்த அணுக்கள் ஒருசேர முதிர்வதால் உண்டாகும் விளைவு இது. உடனே தெரிவித்தால் ஸ்டீராய்டு மருந்தால் கட்டுப்படுத்த முடியும். மறைத்தால் உயிருக்கே ஆபத்தாகும். நோயாளியின் எடையை நாள்தோறும் குறித்து வையுங்கள்.

ஆர்செனிக் மருந்து இதயத்தின் மின்துடிப்பைப் பாதிக்கக்கூடும். ஆகையால் இ.சி.ஜி.யும், இரத்தத்தில் பொட்டாசியம், மெக்னீசியம் அளவுகளும் அடிக்கடி பார்க்கப்படும். வாந்தி, வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் இவ்வுப்புகள் குறையும் என்பதால் அதனையும் உடனே சொல்ல வேண்டும். வேறு எந்த நோய்க்கு எந்த மாத்திரை உட்கொண்டாலும் முன்னதாகத் தெரிவியுங்கள்.

நோய் அடங்கியபின் சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் எஞ்சியிருக்கும் அணுக்களையும் நீக்கப் பல மாதங்கள், இடைவெளி விட்டுவிட்டு, மருந்து தொடரும். இக்கட்டத்தில் நோயாளி நன்றாகவே உணர்வார். தறிக்குத் திரும்பவும் விரும்புவார். ஊசிக்காக வரும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி இழப்பு என்பதை நாங்கள் அறிவோம். ஆயினும் பாதியில் நிறுத்தினால் திரும்பி வரும் நோய், முன்பைவிடக் கடினமானது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள் தொடக்கத்திலேயே அதனைக் காட்டி, எந்தெந்தச் செலவுகள் அடங்கும் என்று கேட்டறிந்துகொண்டால் இடைநிற்றலைத் தவிர்க்கலாம்.

வினாக்களும் விடைகளும்

வைட்டமின் ‘ஏ’ மாத்திரை, முருங்கைக்கீரை, கேரட் ஆகியவை ஆட்ராவுக்கு ஈடாகுமா?

ஆகா. கீரையும் கேரட்டும் நல்ல உணவுகள், உண்ணலாம். ஆனால் உணவிலுள்ள சத்தை உடல் தன் தேவைக்கேற்பச் சிறிதளவே ரெட்டினாயிக் அமிலமாக மாற்றும். பழுதுபட்ட ஏற்பியைத் திறக்க அந்த அளவு போதாது. வைட்டமின் ‘ஏ’ மாத்திரையை மிகுதியாக விழுங்கினால் கல்லீரல் கெடும். சிகிச்சையின்போது அதனைத் தவிர்க்க வேண்டும்.

நாட்டு மருந்தில் பாஷாணம் இருக்கிறதே, அதனை உட்கொண்டால் போதாதா?

பாஷாணங்களைப் பற்றிய அறிவு நம் சித்த மரபில் நெடுங்காலமாக உண்டு என்பது உண்மை. ஆனால் ஏ.பி.எல். சிகிச்சையில் தூய்மையான மருந்து, உடல் எடைக்கேற்ற மில்லிகிராம் கணக்கில், இதயத்தைக் கண்காணித்தபடி செலுத்தப்படுகிறது. அளவறியாத பாஷாணம் வெறும் நஞ்சே. நீண்டகாலம் உடலில் சேரும் ஆர்செனிக், தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோயை உண்டாக்கவும் வல்லது. ஊர் ஊராக வந்து பொடி விற்பவர்களிடம் ஏமாற வேண்டாம்.

எல்லா இரத்தப் புற்றுநோய்க்கும் இம்மருந்துகள் பலிக்குமா?

இல்லை. ஆட்ரா அந்த ஒட்டுப் புரதம் உள்ள அணுக்களுக்கே உரியது. ஆகவேதான் நோயின் வகையை உறுதிசெய்யும் மரபணுச் சோதனை இன்றியமையாதது.

பெண் நோயாளிகள் கருவுறலாமா?

சிகிச்சைக் காலத்தில் கூடாது. ஆட்ராவும் ஆர்செனிக்கும் கருவின் உறுப்பு வளர்ச்சியைக் கடுமையாகப் பாதிக்கும். சிகிச்சை தொடங்கும் முன்பே கருவுற்றிருக்கும் ஐயம் இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். சிகிச்சை முடிந்து, மருத்துவர் குறிப்பிடும் காலத்திற்குப் பின்னர் குழந்தை பெறுவதற்குப் பெரும்பாலும் தடையில்லை.

நோய் திரும்பினால் வழி உண்டா?

உண்டு. மீண்டும் ஆர்செனிக் சேர்ந்த சிகிச்சையால் நோயை அடக்கி, பின்னர் தேவைக்கேற்பத் தண்டணு மாற்றுச் சிகிச்சை செய்யப்படுகிறது. சிகிச்சைக்குப் பின்னர் குறித்த நாள்களில் இரத்தப் பரிசோதனைக்கு வருவது, திரும்பும் நோயை முன்கூட்டியே கண்டறிவதற்காகவே.

வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டியவை மூன்று. காரணமில்லாத இரத்தக் கசிவை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். இரத்தப் புற்றுநோய் என்று சொல்லப்பட்டால், ‘எந்த வகை?’ என்று கேளுங்கள். தொடங்கிய சிகிச்சையை மருத்துவர் நிறுத்தச் சொல்லும்வரை தொடருங்கள். ஐயங்கள் இருப்பின் எம் புறநோயாளிப் பிரிவில் கேட்கலாம், விடையளிக்கக் காத்திருக்கிறோம்.